கல்லில் நின்ற பெயர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரையொட்டிய மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, அதன் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத துகளை மலைக்கடியில் தேடும் முயற்சி அது. அதே மாவட்டத்தின் மற்றொரு சிற்றூரில், கண்ணுக்குப் புலப்படும் எழுத்துகளைத் தாங்கியும் நெடுங்காலம் எவராலும் படிக்கப்படாதிருந்த மூன்று கற்கள் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டன. அவற்றைக் கண்டறிந்த குழுவில் ஆய்வு மாணவர்கள் இருவர் இடம்பெற்றிருந்தனர். அவ்வூரின் பெயர் புலிமான்கோம்பை.

கள ஆய்வும் கண்டுபிடிப்பும்

புலிமான்கோம்பை, ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைப் படுகையில் அமைந்துள்ளது. வருசநாட்டு மலைகளில் தோன்றும் வைகை, கம்பம் பள்ளத்தாக்கின் நீரையும் ஏற்றுக்கொண்டு மதுரை நோக்கிச் செல்கிறது. மலைகளுக்கிடையே இயல்பாக அமைந்த இப்பள்ளத்தாக்கு, பாண்டிய நாட்டையும் சேர நாட்டையும் இணைத்த பழைய வழிகளுள் ஒன்றாக விளங்கியது என்பர். மக்கள் நடமாட்டமும் மேய்ச்சல் நிலமும் மிகுந்திருந்தமையால், இங்குப் பழங்காலச் சின்னங்கள் பரவிக் கிடக்கின்றன.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறைப் பேராசிரியர் கா. ராஜனும் ஆய்வு மாணவர்களான யதீஸ்குமார், செல்வகுமார் ஆகியோரும் இக்கற்களைக் கண்டறிந்து வெளிப்படுத்தினர். கள ஆய்வு என்பது நடந்தே கற்கும் கல்வியாகும். ஊர் ஊராகச் செல்லுதல், முதியோரிடம் கேட்டறிதல், மேட்டையும் வயல்வரப்பையும் உற்றுநோக்குதல், கிடைத்தவற்றை அளந்து குறித்தல் ஆகியன அதன் படிநிலைகள். பல நாள் நடந்தும் ஒன்றும் கிடைக்காமற் போவதுண்டு. கிடைத்தது இன்னதென்று அறியப் பயிற்சி வேண்டும். பயிற்சியில்லாத கண்ணுக்கு எழுத்துடைய கல்லும் வெறுங்கல்லே.

ஒரு வரிக் கல்வெட்டு

மூன்று கற்களிலும் தமிழ்பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முழுமையாகக் கிடைத்த ஒரு கல்லின் வாசகம், ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல்ஊர் ஆகோள்’ என்பதாகும். ‘ஆ’ என்பது பசு. ‘கோள்’ என்பது கொள்ளுதல். ஆகோள் என்பது ஆநிரை கவர்தலைக் குறிக்கும். கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் உயிர்நீத்த, பேடு என்னும் ஊரினனாகிய தீயன் அந்தவனுக்கு எடுக்கப்பட்ட கல் இது என்று ஆய்வாளர் பொருள் கொள்வர். இக்கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள இன்றைய கூடலூராக இருக்கலாம் என்றும் கருதுவர்.

மற்றொரு கல்லில் வேள்ஊர் என்னும் ஊர்ப்பெயரும் அவ்வன், பதவன் என்னும் பெயர்களும் காணப்படுகின்றன. எஞ்சிய கல் சிதைந்துள்ளமையால் அதன் வாசகம் முழுமையாகக் கிடைக்கவில்லை.

இத்தகைய எழுத்துகளைப் படிப்பது எளிதன்று. முதலில் கல்லைத் தூய்மைசெய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் அடிப்பர். தாள் எழுத்தின் பள்ளங்களில் படிந்தபின் மேற்பரப்பில் மை ஒற்றுவர். மை படாத பள்ளங்கள் வெண்ணிற எழுத்துகளாகத் தோன்றும். இதனை மைப்படி எடுத்தல் என்பர். புள்ளியிடும் வழக்கம் நிலைபெறாத காலத்து எழுத்தாதலால், எது மெய், எது உயிர்மெய் என்பதைச் சொல்லின் சூழல் நோக்கியே முடிவுசெய்தல் வேண்டும். சொற்களைப் பிரித்தறியப் பழந்தமிழ் இலக்கியப் பயிற்சியும் இன்றியமையாதது.

இலக்கியமும் கல்லும்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபடும் மரபைத் தொல்காப்பியம் விரிவாகக் கூறுகிறது. கல்லைத் தேர்ந்து காணுதல், அதனைக் கொள்ளுதல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என ஆறு நிலைகளை அந்நூல் வகுத்துரைக்கிறது. ஆகோள் என்னும் சொல்லும் அந்நூலின் புறத்திணையியலில் வெட்சித்திணைப் பகுதியில் இடம்பெறுகிறது. வழிதோறும் நின்ற நடுகற்களில் வீரர்தம் பெயரும் பெருமையும் எழுதப்பட்டிருந்ததையும், அவற்றுக்கு மயிற்பீலி சூட்டப்பட்டதையும் அகநானூறு காட்டுகிறது.

எனினும், 2006ஆம் ஆண்டுக்கு முன்னர், எழுத்துடன் கிடைத்த பழைய நடுகற்கள் ஏறத்தாழக் கி.பி. 5ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சேர்ந்தவையாகவே இருந்தன. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்த அக்கற்களில் வீரனின் உருவமும் வட்டெழுத்தும் காணப்படும். சங்க இலக்கியம் கூறும் எழுத்துடை நடுகல் எங்கே என்னும் வினாவுக்கு விடை கிடைக்காதிருந்தது. புலிமான்கோம்பைக் கற்கள் அவ்விடையை அளித்தன. இவற்றின் காலத்தைக் கண்டுபிடிப்பாளர்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டையொட்டிக் கணித்தனர். இவற்றைச் சற்றுப் பிற்பட்டனவாகக் கொள்வோரும் உளர். இக்கற்களில் உருவம் ஏதுமில்லை. எழுத்து மட்டுமே உள்ளது.

எழுத்து யாருக்கு உரியது?

இக்கண்டுபிடிப்பின் சிறப்பு பழைமையோடு முடிந்துவிடவில்லை. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலுள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டுகள் முன்பே அறியப்பட்டிருந்தன. மாங்குளம் கல்வெட்டு 1882ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. இவ்வகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924ஆம் ஆண்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். அக்கல்வெட்டுகளுள் பல, துறவியர்க்கு உறைவிடமும் கற்படுக்கையும் அமைத்துக் கொடுத்த அரசர், வணிகர் முதலியோரின் கொடையைப் பதிவு செய்பவை. ஆகவே, எழுத்து என்பது அரசவை, வணிகம், சமயம் ஆகிய வட்டங்களுக்குள் அடங்கியிருந்தது என்று எண்ணுதற்கு இடமிருந்தது.

புலிமான்கோம்பைக் கல் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அதில் அரசன் பெயர் இல்லை, ஆட்சியாண்டு இல்லை, கொடைச் செய்தி இல்லை. ஒருவனுடைய பெயர், அவனுடைய ஊர், பூசல் நிகழ்ந்த ஊர், பூசலின் வகை ஆகியவை மட்டுமே உள்ளன. வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. அவன் நிரை கவரச் சென்றவனா, கவர்ந்த நிரையை மீட்கச் சென்றவனா என்பதையும் கல் கூறவில்லை. அதனைக் கூறத் தேவையில்லாத அளவுக்கு, நிகழ்ச்சியை அறிந்தோர் அக்கல்லைச் சூழ்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

ஊரார் அனைவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதற்கு இது சான்றாகாது. ஆயினும், படிப்பவர் ஒருவரும் இல்லாத இடத்தில் பெயரை எழுத வேண்டிய தேவை எழாது. உருவம் செதுக்காமல் எழுத்தை மட்டுமே நம்பி ஒரு வீரனின் நினைவை ஒப்படைத்தனர் எனில், எழுத்து அச்சமூகத்தின் வாழ்வில் ஓரிடம் பெற்றிருந்தது என்பது தெளிவு. நகரங்களிலிருந்து விலகிய ஒரு மேய்ச்சல் நிலத்தில், அரசன் அல்லாத ஒருவனுக்காகத் தமிழ் எழுதப்பட்டிருக்கிறது என்பதே இக்கல் தரும் செய்தி.

காக்கப்பட வேண்டிய சான்றுகள்

புலிமான்கோம்பையைத் தொடர்ந்து, திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியிலும் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையிலும் தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்கள் அறியப்பட்டன. 2013-14ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையினர் வைகைக் கரையில் மேற்கொண்ட கள ஆய்வில் 293 தொல்லியல் இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் ஒன்றே பின்னர் அகழ்ந்தாய்வு செய்யப்பெற்று உலகறிந்த கீழடி. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை இன்னும் அகழப்படாமலே உள்ளன.

அகழாய்வுக்காக அவை காத்திருக்கும் காலத்திலேயே அழிவும் நிகழ்கிறது. உழவுக்காக நிலம் சமன்செய்யப்படும்போது கல்வட்டங்கள் கலைகின்றன. பலகை போன்ற கற்கள் வாய்க்காற் பாலமாகவும் வீட்டுப்படியாகவும் துவைகல்லாகவும் மாறிவிடுகின்றன. வடமாவட்டங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்னும் பெயரில் தெய்வமாக வழிபடப்படுவதால் பிழைத்துள்ளன. அவ்வாறு வழிபாடு காவாத இடத்தில், அறிவே காவலாக அமைய வேண்டும்.

ஊரில் எழுத்துடைய கல்லைக் காண்போர் அதனைப் பெயர்க்காமலும் கீறாமலும் வண்ணம் பூசாமலும் விடுதல் வேண்டும். கிடந்த இடத்திலேயே ஒளிப்படம் எடுத்து, ஊர்ப்பெயரையும் நாளையும் குறித்து, வட்டாட்சியர்க்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவித்தல் முறையாகும். கல் தன் இடத்தை இழந்தால் தன் பொருளில் பாதியை இழக்கும். எந்த வழியோரத்தில், எந்த ஈமச்சின்னத்தின் அருகில் நின்றது என்பதும் அக்கல்லின் வரலாறே. தீயன் அந்தவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கப்படுகிறது. அவன் காலத்தில் எழுதியவர் ஒருவர் இருந்தார். இக்காலத்தில் குனிந்து நோக்கிப் படித்தவர் சிலர் இருந்தனர் என்பதே அதற்குக் காரணம்.