ஜனவரியில் மிச்சிகன் ஏரிக்கு ஒரு சைக்கிள் பயணம்

வாசலில் இறங்கியதும் லேசாகக் குளிர வேண்டும். சிகாகோவில் ஜனவரி மாதம் சைக்கிள் ஓட்டுபவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் உடுப்பு அதிகம் என்று பொருள். பத்து நிமிடம் மிதித்தால் வியர்க்கும். சிவப்பு விளக்கில் நின்றதும் அந்த ஈரம் முதுகோடு சில்லென்று ஒட்டிக்கொள்ளும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்வதால் இங்கே உதவாது. உள்ளே மெல்லிய கம்பளி, மேலே காற்றுப் புகாத அங்கி, அது போதும்.

விரல்களின் பாடு வேறு. காற்றே இல்லாத நாளிலும் ஓடுகிற சைக்கிளுக்கு எதிர்க்காற்று உண்டு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் தோலுக்கு அது மைனஸ் 18 போல. ஐந்து விரல் கையுறைக்குள் ஒவ்வொரு விரலும் தனியாகக் குளிரில் நடுங்கும். விரல்கள் சேர்ந்திருக்கும் உறைதான் காப்பாற்றும். 2019 ஜனவரி 30 போல மைனஸ் 31 வரை இறங்கும் நாளில் எந்த உறையையும் நம்ப வேண்டாம், வீட்டிலேயே இருங்கள்.

வடமேற்கிலிருந்து வருபவர்களுக்கு மில்வாக்கி அவென்யூ வசதி. கட்டம் கட்டமான தெருக்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேரே நகர மையத்துக்கு வந்து சேரும். ஆற்றுப் பாலங்களில்தான் கவனம் தேவை. பலவற்றின் தளம் இரும்புக் கம்பி வலை, கீழே தண்ணீர் தெரியும். மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். அங்கே சட்டென்று பிரேக் பிடிக்காமல், ஹேண்டில்பாரை ஒடிக்காமல், நேராகப் போங்கள். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிமானம் கூடும். சாலையில் தூவிய உப்பு செயினை அரிக்கும். வீடு திரும்பியதும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

ஏரிக்கரைப் பாதை சுமார் 29 கிலோமீட்டர் நீளம். 2018 முதல் நடப்பவர்களுக்குத் தனி, சைக்கிளுக்குத் தனி. ஓக் தெருக் கடற்கரை வளைவில் அலை கரைச்சுவரில் மோதித் தெறித்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைகிறது. வடகிழக்குக் காற்று பலமாக வீசினால் அந்த வளைவுப் பக்கமே போக வேண்டாம்.

காற்று அடங்கிய காலையில் அங்கே நின்று பார்க்க வேண்டும். கோடை வெயிலைச் சேர்த்து வைத்த ஆழமான ஏரி மெல்லத்தான் ஆறும். உறைகுளிர்க் காற்று மேலே வந்ததும் தண்ணீரிலிருந்து ஆவி பொங்கி எழுகிறது. கரையோரம் ஐஸ் துண்டுகள் ஒன்றையொன்று இடித்து இடித்து, தாம்பாளம் போல விளிம்பு எழும்பிய வட்டங்களாகி, அலையோடு ஏறி இறங்கி உரசுகின்றன. அந்தச் சத்தத்துக்காகவே இத்தனை தூரம் மிதிக்கலாம்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், உடம்பு ஆறிவிடும். கரையோரமாக இன்னும் கொஞ்சம் ஓட்ட ஆசையிருந்தால், முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும்.