தூசியைத் துடைக்காத ஊர்

கூரையில் ஓட்டை விழுந்தால் அடைக்கிறார்கள். சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடுக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் மாற்றுகிறார்கள். ஆனால் வீட்டுக்குள் மேசை மேல் படிந்த தூசியை யாரும் துடைப்பதில்லை. சுவரில் உரிந்து தொங்கும் காகிதத்தை ஒட்டுவதில்லை. வெயிலிலும் பனியிலும் கறுத்துப்போன பலகைகளுக்கு வர்ணம் அடிப்பதில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நெவாடா எல்லையை ஒட்டிய மலைகளுக்கு நடுவே இருக்கும் போடி என்ற ஊரை இப்படித்தான் பராமரிக்கிறார்கள். ஒரு காலத்தில் பல ஆயிரம் பேர் வாழ்ந்த தங்கச் சுரங்க நகரம் அது. இன்று அங்கே பூங்காக் காவலர்களையும் ஊழியர்களையும் தவிர யாரும் குடியிருக்கவில்லை. சிதைவை மேற்கொண்டு நகரவிடாமல் நிறுத்திவைப்பது, ஆனால் பழையதைப் புதிதாக்காமல் இருப்பது என்பதே அங்கே கொள்கை. 1962இல் அரசு அந்த ஊரை மாநில வரலாற்றுப் பூங்காவாக ஏற்றபோது எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையில் இன்றும் நிற்க வேண்டும். உலகம் முழுவதும் சுற்றுலாவுக்காகப் பழைய ஊர்களை மெருகேற்றி விற்கும் காலத்தில், போடி தொடாமல் இருப்பதன் மூலமே பிழைத்திருக்கிறது.

தங்கம் வந்த வழி

கடல் மட்டத்திலிருந்து சுமார் 8,400 அடி உயரத்தில் இருக்கிறது போடி. 395ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து 13 மைல் உள்ளே போக வேண்டும். கடைசி 3 மைல் வெறும் மண் சாலை. மரங்கள் இல்லாத, புதர் மட்டுமே மண்டிய குன்றுகள். குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் பனிச்சறுக்கு வண்டியிலோ, பனிக்காலணி கட்டிக்கொண்டு நடந்தோதான் போக முடியும். இப்படிப்பட்ட இடத்தில் மனிதன் ஊர் அமைக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

1859இல் டபிள்யூ. எஸ். போடி என்பவர் இங்கே தங்கம் கண்டார். நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்தவர். அந்தத் தங்கத்தால் அவருக்கு எந்தப் பயனும் கிட்டவில்லை. அதே குளிர்காலத்தில் சாமான் வாங்கிவரப் போய், திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கி இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய ஊரை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அது சில குடிசைகள் கொண்ட சிற்றூர்தான். 1870களின் நடுவில் சுரங்கம் ஒன்று சரிந்தபோது வளமான தாது வெளியே தெரிந்தது. 1877இல் ஸ்டாண்டர்டு கம்பெனி அதை வாங்கியது. செய்தி பரவியதும் கூட்டம் மலையேறியது. 1880 வாக்கில் ஊரில் சுமார் 2,000 கட்டடங்கள் இருந்தன. மக்கள்தொகையைப் பத்தாயிரம் வரை சொல்வார்கள். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டும் எண் அதைவிடக் குறைவு. தங்கத்தோடு மதுக்கடைகள், சூதாட்ட விடுதிகள், துப்பாக்கிச் சண்டைகள் எல்லாம் வந்தன. செய்தித்தாள்கள் வந்தன. பள்ளிக்கூடம் வந்தது. கிறிஸ்தவக் கோயில்கள் மட்டும் தாமதமாக, 1882இல்தான் எழுந்தன. அதற்குள் ஊரின் உச்சம் முடிந்து இறக்கம் தொடங்கிவிட்டது.

மொத்தமாகப் பார்த்தால் கொழுத்த காலம் ஐந்தாறு ஆண்டுகள்தான். அதன்பின் அறுபது ஆண்டுகள் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. சுற்றுலாக் கையேடுகள் அந்த ஐந்தாறு ஆண்டுகளையே பேசுகின்றன. நேரில் போகிறவர் பார்ப்பதோ பெரும்பாலும் பின்னால் வந்த அறுபது ஆண்டுகளின் மிச்சத்தைத்தான்.

இரைச்சல் நின்ற ஆலை

ஊருக்கு மேலே சரிவில் சாம்பல் நிறத் தகரம் போர்த்திய பெரிய கட்டடம் தெரியும். அதுதான் ஸ்டாண்டர்டு ஆலை. 1898இல் எரிந்துபோய் அடுத்த ஆண்டே மறுபடி கட்டப்பட்டது. உள்ளே வரிசையாக நிற்கும் 20 கனத்த இரும்புத் தண்டுகள், உலக்கை போல மேலே ஏறிக் கீழே விழுந்து தாதுக்கல்லை மாவாக இடிக்கும். அந்த மாவைத் தண்ணீரோடு கலந்து பாதரசம் பூசிய செம்புத் தகடுகள் மேல் ஓடவிடுவார்கள். தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் பிரியும்; தங்கம் மிஞ்சும். பின்னாளில், ஒருமுறை அரைத்துக் கழித்த கசடிலிருந்தும் சயனைடு கொண்டு மிச்சத் தங்கத்தைக் கறந்தார்கள். அந்த வேதிப்பொருள்களும் நைந்துபோன தளங்களும் இன்றும் ஆபத்து என்பதால், வழிகாட்டியோடு மட்டுமே ஆலைக்குள் போக முடியும்.

ஆலையை ஓட்ட ஆரம்பத்தில் நீராவிதான் இருந்தது. நீராவிக்கு விறகு வேண்டும். சுற்றிலும் மரம் இல்லை. 1881இல் 32 மைல் தொலைவில் மோனோ ஏரிக்குத் தெற்கே இருந்த காட்டிலிருந்து மரம் கொண்டுவர ஒரு ரயில் பாதை போட்டார்கள். வேறு எந்த ரயில் பாதையோடும் அது கடைசிவரை இணையவே இல்லை. மரத்துக்காகப் பிறந்து மரத்தோடே முடிந்த ரயில் அது.

விறகுச் செலவு தாங்காமல் போனபோது கம்பெனி துணிச்சலான ஒரு வேலை செய்தது. 13 மைல் தள்ளி கிரீன் க்ரீக் ஓடையில் நீர்மின் நிலையம் அமைத்து, 1893 வாக்கில் அங்கிருந்து கம்பிவழியே மின்சாரத்தை ஆலைக்குக் கொண்டுவந்தது. அவ்வளவு தூரத்துக்கு மின்சாரம் கொண்டுசெல்வது அன்று புதுமை. மின்சாரம் வளைவில் திரும்பாமல் தெறித்துவிடுமோ என்று பயந்து, கம்பத்தை நேர்கோட்டிலேயே நட்டார்கள் என்றொரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, மின்சாரம் வந்து சேர்ந்தது. ஆனால் தாதுவில் தங்கம் குறைந்துகொண்டே போனதை மின்சாரத்தால் மாற்ற முடியவில்லை.

சங்கக் கட்டடத்தில் அருங்காட்சியகம்

ஊரின் பிரதான தெருவில் இருக்கும் மரக் கட்டடம் ஒன்றில்தான் அருங்காட்சியகம் இயங்குகிறது. அது 1878இல் கட்டப்பட்ட சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் கட்டடம். சங்கம் அதற்கு முந்தைய ஆண்டின் கடைசியில் தொடங்கியது. நாளைக்கு 4 டாலர் கூலி என்பது அன்றைய சுரங்கத் தொழிலாளர்கள் கட்டிக்காத்த உரிமை. கூட்டங்கள், நடன இரவுகள், விழாக்கள் என்று ஊரின் பொதுவாழ்வு பெரும்பாலும் இந்தக் கூரைக்குக் கீழேதான் நடந்தது. முதலாளியின் மாளிகையில் இல்லாமல் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஊரின் நினைவுகள் குடியிருப்பது பொருத்தம்தான்.

உள்ளே விலையுயர்ந்த பொருள் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பிணம் ஏற்றிச் செல்லும் வண்டிகள் நிற்கின்றன. வீட்டுச் சாமான்கள், உடைகள், கருவிகள், பாட்டில்கள், புகைப்படங்கள், கடிதங்கள். எடுத்துப்போக முடிந்ததை எடுத்துப்போனவர்கள் விட்டுப்போனவை இவை. மலையிலிருந்து சாமான்களை வண்டியில் இறக்கும் கூலி, சாமானின் விலையைவிட அதிகம். அதனால்தான் கட்டில், அடுப்பு, பியானோ வரை அப்படியே கிடக்கின்றன. வெறும் வறுமை அல்ல, போக்குவரத்துச் செலவு சேர்த்துவைத்த சேகரிப்பு இது.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்தால் ஊரே அதன் தொடர்ச்சி. பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைய முடியாது. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கலாம். பூன் என்ற பழைய கடையின் அலமாரிகளில் தகர டப்பாக்களும் பெட்டிகளும் அடுக்கியபடி இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளும் புத்தகங்களும் உலக உருண்டையும். அந்தக் கட்டடம் முன்பு தங்கும் விடுதியாக இருந்தது. பழைய பள்ளியை ஒரு குறும்புக்காரப் பையன் கொளுத்திவிட்டதால் இங்கே மாற்றினார்கள் என்பது ஊர்க் கதை.

திருடினால் சாபம்

மெதடிஸ்ட் கோயிலின் பலிபீடத்துக்குப் பின்னால் பத்துக் கட்டளைகளை எழுதிய மெழுகுத் துணி ஒன்று தொங்கியது. திருடாதே என்ற கட்டளையும் அதில் உண்டு. அந்தத் துணியையே யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். ஆளில்லாத ஊரின் முதல் எதிரி காற்றோ பனியோ அல்ல என்பதைச் சொல்ல இந்த ஒரு திருட்டு போதும்.

இதற்கு மருந்தாகப் பிறந்ததுதான் போடியின் சாபம். ஊரிலிருந்து ஒரு கல்லை எடுத்துப்போனாலும், அது திரும்ப வரும்வரை எடுத்தவர் வாழ்க்கையில் கெட்டதே நடக்கும் என்பது நம்பிக்கை. பழங்காலத்து ஆவிகள் விட்ட சாபம் என்று சிலர் சொல்லலாம். திருட்டைத் தடுக்கப் பூங்காக் காவலர்களே கட்டிவிட்ட கதை என்பதுதான் பரவலான பேச்சு.

கதை நன்றாகவே வேலை செய்தது. ஆணி, கண்ணாடித் துண்டு, கூழாங்கல் என்று எடுத்துப்போனவர்கள் தபாலில் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். கூடவே மன்னிப்புக் கடிதங்கள். விபத்து, நோய், வேலை இழப்பு, மனமுறிவு என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கல்லையே காரணமாக எழுதியிருப்பார்கள். சிறுவயதில் செய்ததை நடுவயதில் ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு. அந்தக் கடிதங்களில் சிலவற்றை அருங்காட்சியகத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் அதிக நேரம் நின்று வாசிப்பது அவற்றைத்தான்.

ஆனால் இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. திரும்பி வந்த ஆணி எந்த வீட்டுடையது, அந்தச் சீசாத் துண்டு எந்தக் கொல்லையில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கிடந்த இடத்தில் கிடக்கும்வரைதான் ஒரு பொருளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். இடம் பெயர்ந்துவிட்டால் அது வெறும் இரும்பு. சாபத்துக்குப் பயந்து திருப்பி அனுப்புகிறவர் தன் மனதைச் சரிசெய்துகொள்கிறார். போடிக்குக் கிடைப்பது பாதிதான்.

நெருப்பும் கம்பெனியும்

1892இல் ஒரு பெருந்தீ. 1932இல் இன்னொன்று. இரண்டாவது தீயைத் தீக்குச்சியோடு விளையாடிய ஒரு சின்னக் குழந்தை மூட்டியதாகச் சொல்வார்கள். ஊரின் பெரும்பகுதி அன்றே போனது. இன்று நிற்கும் நூற்றுச் சொச்சம் கட்டடங்கள், உச்சக்கால ஊரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். 1942இல், போருக்குத் தேவையில்லாத தொழில் என்று தங்கச் சுரங்கங்களை மூட அமெரிக்க அரசு உத்தரவிட்டது. அதே ஆண்டு தபால் அலுவலகமும் மூடப்பட்டது.

அதன்பின் ஊர் தப்பியதற்குக் காரணம் ஒரு குடும்பம். மர வியாபாரத்தில் தொடங்கி வங்கிவரை நடத்திய ஜேம்ஸ் கெய்ன், மற்றவர்கள் போகப்போக அவர்கள் சொத்தை வாங்கிச் சேர்த்தார். கடைசியில் ஊரின் பெரும்பகுதி அவர் குடும்பத்துக்கே சொந்தமானது. அவர்கள் காவலாள் வைத்துப் பாதுகாத்திருக்காவிட்டால், 1962இல் அரசு வாங்குவதற்குச் சுவர்கள்கூட மிஞ்சியிருக்காது.

பூங்காவாக ஆனபின்னும் ஆபத்து வந்தது. 1980களின் இறுதியில் கேலக்டிக் என்ற கனடா நிறுவனம், ஊருக்கு மேலே உள்ள குன்றைத் திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்ட முனைந்தது. நிறுவனம் திவாலானதும், 1994இல் இந்தப் பகுதியில் புதிய சுரங்க உரிமைகளைத் தடுக்கும் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் ஊரைக் காப்பாற்றின. தங்கத்தால் பிறந்த ஊர், தங்கத்தால் அழிய இருந்தது.

யாருடைய வீடு நிற்கவில்லை?

போடியைப் பார்க்கிறவர் நிற்கும் வீடுகளை மட்டும் பார்த்தால் ஏமாறுவார். கிங் தெருவில் நூற்றுக்கணக்கான சீனர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கென்று கோயில் இருந்தது. ஊருக்கு விறகும் காய்கறியும் தந்தவர்கள் அவர்கள். இன்று அந்தத் தெருவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மோனோ ஏரிக்கரையில் காலங்காலமாக வாழ்ந்த பையூட் பழங்குடியினர், தங்கம் வந்தபின் தங்கள் நிலத்திலேயே கூலிகளானார்கள். இடுகாட்டில்கூட மரியாதைக்குரியவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்குத்தான் வேலிக்குள்ளே இடம். சீனர்களும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களும் வேலிக்கு வெளியே.

1962இல் நின்றதை அப்படியே நிறுத்துவது என்ற கொள்கைக்கு உள்ள குறை இதுதான். அதற்கு முன்பே அழிந்தவர்களை அது காட்டாது. காலி இடத்தைக் காட்டி, இங்கே இன்னார் இருந்தார்கள் என்று சொல்லும் வேலை அருங்காட்சியகத்தின் எழுத்துப் பலகைகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் உரியது. இல்லாத வீட்டைப் போலியாகக் கட்டிக் காட்டுவதைவிட அது நேர்மையானது. அது இன்னும் நிறையச் செய்யப்பட வேண்டியது என்பதும் உண்மை.

கலிபோர்னியா பக்கம் போகும் வாய்ப்பு வாசகர்களில் பலருக்கு இருக்கும். யோசெமிட்டி பார்த்துவிட்டு டயோகா கணவாய் வழியே கிழக்கே இறங்கினால் போடி தூரமில்லை. கணவாய் திறந்திருக்கும் கோடைக்காலமே சரியான பருவம். ஊருக்குள் உணவகம் கிடையாது, பெட்ரோல் கிடையாது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோக வேண்டும். வெயிலிலும் குளிர்காற்று அடிக்கும், உயரத்தில் மூச்சு வாங்கும். அரை நாளாவது ஒதுக்குங்கள். அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்குங்கள். ஜன்னலுக்குள் தெரிவது அப்போதுதான் புரியும். கிங் தெருவின் வெற்றிடத்துக்கும் ஒருமுறை நடந்து போய்வாருங்கள். ஊரின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.