எழுத்துதானே என்று திறந்த கோப்பு

2024 ஜூன் 22-ஆம் தேதி ஈமாக்ஸ் எடிட்டரின் 29.4-ஆம் பதிப்பு வெளியானது. புது வசதி எதுவும் அதில் இல்லை. அவசரமாக ஓர் ஓட்டையை அடைக்க வந்த வெளியீடு. யாரோ அனுப்பிய எழுத்துக்கோப்பு ஒன்றை நீங்கள் திறந்தால் போதும், அதற்குள் ஒளித்து வைத்த கட்டளை உங்கள் கணினியில் ஓடிவிடும் என்பதுதான் அந்த ஓட்டை. எதையும் கிளிக் செய்திருக்க வேண்டாம், எந்தக் கேள்விக்கும் 'சரி' சொல்லியிருக்க வேண்டாம். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2024-39331 என்று அதற்கு எண் கொடுத்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்னால், மார்ச் 24-இல், 29.3 வந்ததற்கும் இதே வகை ஓட்டைகள்தான் காரணம்.

வேர்டு கோப்பில் மேக்ரோ வைரஸ் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வெறும் எழுத்தில் என்ன வரப்போகிறது என்ற நினைப்புதான் இங்கே ஆபத்து. எழுத்து வெறும் எழுத்துதான். அதைப் படிக்கிற எடிட்டர் வெறும் எடிட்டர் இல்லை.

இந்தக் கதையின் நாயகன், ஈமாக்ஸுக்குள் ஓடும் ஆர்க்-மோட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் தன் குறிப்புகளையும் வேலைப்பட்டியலையும் ஒழுங்கு செய்துகொள்ள 2003-இல் எழுதத் தொடங்கியது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் ஹெட்டிங், அதன் பக்கத்தில் 'டூடூ' என்று எழுதினால் அது செய்ய வேண்டிய வேலை. அவ்வளவு எளிமை. 2007-இல் ஈமாக்ஸ் 22-உடன் சேர்ந்தே வர ஆரம்பித்தது. பிறகு எரிக் ஷுல்ட்டி, டான் டேவிசன் ஆகியோர் எழுதிய 'பேபல்' சேர்ந்தது. குறிப்புக்கு நடுவிலேயே பைத்தான், ஆர், ஷெல் என்று எந்த மொழியிலும் கோட் பிளாக் எழுதி, அங்கேயே ஓட்டி, விடையையும் அங்கேயே பெறலாம். ஆய்வு மாணவர்களும் சர்வர் பார்த்துக்கொள்பவர்களும் இதில் மயங்கியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அன்றைக்கே அந்தக் கோப்பு டைரியாக இருப்பதை நிறுத்திவிட்டு நிரலாகிவிட்டது. பயன்படுத்துகிறவர்களில் பலர் இன்னும் அதை டைரி என்றுதான் நினைக்கிறார்கள்.

2024 ஓட்டை நடந்த விதம் சுவாரசியமானது. நீளமான முகவரிகளுக்குக் கோப்பின் மேலே ஒரு சுருக்கப்பெயர் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சுருக்கத்தை விரிக்க, ஈமாக்ஸின் நிரல்மொழியான லிஸ்ப்பில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடவும் அனுமதி உண்டு. கூப்பிடப்படுவது எந்த ஃபங்ஷன், அது ஆபத்தானதா என்று ஆர்க் பார்க்கவே இல்லை. ஷெல் கட்டளை ஓட்டும் ஃபங்ஷனை அங்கே எழுதி வைத்தால் கதை முடிந்தது. மின்னஞ்சல் இணைப்பாக வந்தாலும் இதே கதிதான். திருத்தம் ஆர்க் 9.7.5-இலும் ஈமாக்ஸ் 29.4-இலும் வந்தது.

ஆகவே முதல் வேலை, உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஆல்ட்-எக்ஸ் அழுத்தி 'ஈமாக்ஸ்-வெர்ஷன்', பிறகு 'ஆர்க்-வெர்ஷன்'. ஒரு எச்சரிக்கை: டெபியன் போன்ற வெளியீடுகள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் உள்ளே தைத்துவிடும். அதனால் 28.2 என்று காட்டினால் உடனே பதற வேண்டாம். கணினியின் பாதுகாப்பு அப்டேட்டுகளை விடாமல் போட்டு வந்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. 2025 பிப்ரவரியில் வந்த 30.1 இன்னும் ஒரு படி போனது. நீங்கள் நம்பத்தக்கது என்று குறிக்காத லிஸ்ப் கோப்பில் சில வேலைகளை அது தானாகச் செய்யாது.

அப்டேட் போட்டால் இந்த ஓட்டை அடைபடும். நாமே வெட்டிவைக்கும் ஓட்டை அடைபடாது. கோட் பிளாக் மேல் கன்ட்ரோல்-சி இருமுறை அழுத்தினால், இதை உங்கள் கணினியில் ஓட்டட்டுமா என்று ஆர்க் கேட்கும். ஒரு நாளில் நாற்பது முறை கேட்டால் எரிச்சல் வரும்தான். உடனே இணையத்தில் யாரோ போட்ட ஒரு வரியை எடுத்து, 'ஆர்க்-கன்ஃபர்ம்-பேபல்-இவால்யுவேட்' என்ற அமைப்பை 'நில்' ஆக்கி, கேள்வியை அணைத்துவிடுகிறோம். அன்றிலிருந்து நம் கோப்பு, அடுத்தவர் கோப்பு என்ற வித்தியாசம் போய்விடுகிறது. கோப்பை எச்டிஎம்எல் ஆகவோ பிடிஎஃப் ஆகவோ ஏற்றுமதி செய்யும்போதும் கோட் பிளாக்குகள் ஓடலாம் என்பது பலருக்குத் தெரியாது; கேள்வியை அணைத்தவருக்கு அப்போதும் கேள்வி வராது. அந்த அமைப்புக்கு 'நில்'லுக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனையே கொடுக்கலாம். நான் வைத்திருப்பது, என் குறிப்புகள் இருக்கும் கோப்புறைக்குள் என்றால் கேட்காதே, வெளியே என்றால் கேள் என்று. ஐந்தாறு வரி வேலை.

லிங்க்குகளும் அப்படித்தான். ஆர்க்கில் ஷெல் கட்டளையை ஓட்டும் லிங்க் உண்டு, லிஸ்ப் ஓட்டும் லிங்க் உண்டு. மேலே தெரிவது 'மாதாந்திர அறிக்கை' என்ற அழகான விளக்கம் மட்டுமே. அழுத்தியதும் கீழே கேட்கும் கேள்வியில் உண்மையான கட்டளை முழுதாகத் தெரியும், அதைப் படிக்காமல் 'யெஸ்' தட்டாதீர்கள். அட்டவணையின் ஃபார்முலாவுக்குள்ளும் லிஸ்ப் எழுதலாம். கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் அமைப்புகளை 'ஏற்கலாமா' என்று கேட்கும் கேள்விக்கு ஆச்சரியக்குறி தட்டினால், அவற்றின் மதிப்புகள் பாதுகாப்பானவை என்று ஈமாக்ஸ் நிரந்தரமாகக் குறித்துக்கொள்ளும். தெரியாத இடத்திலிருந்து வந்த கோப்பு என்றால் 'என்' போதும்.

இதுவரை பிறரால் வரும் ஆபத்து. எண்ணிப் பார்த்தால் நான் இழந்தவை எல்லாம் என் கையால்தான். ஒருமுறை மடித்து வைத்திருந்த ஹெட்டிங் ஒன்றின் மேல் கன்ட்ரோல்-கே அழுத்தினேன். ஒரு வரி போனதாக நினைத்தேன். அதற்கடியில் மடிந்திருந்த எட்டு மாதச் சந்திப்புக் குறிப்புகளும் சேர்ந்து போயின. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மடித்த ஹெட்டிங்கைக் கேட்காமல் அழிக்காதே என்று சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது, ஆனால் அதை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது, கோப்பின் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட். ஈமாக்ஸின் பேக்கப்பை நம்பியிருந்தால் கிடைத்திருக்காது. பெயரின் கடைசியில் ~ போட்டு ஈமாக்ஸ் எடுத்து வைக்கும் நகல், கோப்பைத் திறந்த பிறகு முதல் முறை சேமிக்கும்போது மட்டுமே உருவாகும். வேறு மாதிரி அமைக்காவிட்டால் ஒன்றே ஒன்றுதான், மறுநாள் அதன் மேலேயே அடுத்தது எழுதப்படும். மின்சாரம் போய் நின்ற கணினிக்கு வேறு மருந்து. இருபுறமும் # போட்ட கோப்பு ஒன்று பக்கத்தில் இருக்கும். 300 எழுத்து தட்டியதும், அல்லது 30 நொடி போல் கை ஓய்ந்ததும் ஈமாக்ஸ் அதில் எழுதி வைக்கிறது. கோப்பைத் திறந்து 'ரெகவர்-ஃபைல்' கொடுத்தால் பெரும்பாலும் எல்லாம் வந்துவிடும். வருகிற வரை பழைய கோப்பைச் சேமிக்காதீர்கள்.

கைபேசியிலும் மடிக்கணினியிலும் ஒரே கோப்பை ஒத்திசைப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. கோப்பு வட்டில் மாறிவிட்டது, இருந்தாலும் திருத்தவா என்று ஈமாக்ஸ் கேட்கும். அவசரத்தில் 'ஒய்' தட்டுவோம். கைபேசியில் எழுதியதன் மேல் பழையதைப் பூசிவிடுவோம். அங்கே 'ஆர்' தட்டி, வட்டில் இருப்பதை முதலில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கடவுச்சொல்லையும் ஏபிஐ சாவியையும் கோட் பிளாக்கில் எழுதி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாக்கிலிருந்து சாவியை அழித்தாலும் கீழே ஒட்டிய விடைப் பகுதியில் அது அப்படியே இருக்கலாம், கிட் வரலாற்றிலோ நிச்சயம் இருக்கும். வெளியே போன சாவியை அழிப்பதில் நேரம் செலவிடாமல் சாவியையே மாற்றுங்கள். ஒரு ஹெட்டிங்கை மட்டும் மறைகுறியாக்கம் செய்யும் வசதியைப் பயன்படுத்தினால், அந்தக் கோப்புக்குத் தானியங்கிச் சேமிப்பை அணைக்கவா என்று அது கேட்கும். அணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திறந்து படித்த ரகசியம் # கோப்பில் பச்சையாகக் கிடக்கும்.

இனி, கோளாறே இல்லாத கோளாறுகள். 'அஜெண்டாவில் என் வேலை வரவில்லை' என்பதுதான் அதிகம் கேட்கும் புலம்பல். தேதி போடாத வேலை, நாள்வாரியாக வேலைகளைக் காட்டும் வாராந்திர அஜெண்டாவில் வராது. அது டூடூ பட்டியலில்தான் வரும். தேதியைச் சதுர அடைப்பில் போட்டால் அது வெறும் குறிப்பு. < > என்ற கோண அடைப்பில் போட்டால்தான் அஜெண்டா மதிக்கும். கெடுவையும் தொடக்க நாளையும் எழுதும் வரி ஹெட்டிங்குக்கு நேர் கீழே இருக்க வேண்டும், நடுவில் ஒரு வரி நுழைந்தாலும் அது சாதாரண எழுத்தாகிவிடும். இத்தகைய தவறுகளைத் தேடிப் பிடிக்க 'ஆர்க்-லிண்ட்' என்ற கட்டளை இருக்கிறது. பைத்தான் பிளாக் எதை ஓட்டினாலும் 'நன்' என்றே விடை வருகிறதா? இயல்பு நிலையில் ஆர்க் எதிர்பார்ப்பது அச்சிட்டதை அல்ல, திருப்பித் தந்த மதிப்பை. 'ரிட்டர்ன்' எழுதுங்கள், அல்லது விடைக்கு 'அவுட்புட்' என்று கேளுங்கள். பைத்தானே ஓடவில்லை என்றால், அந்த மொழியை நீங்கள் சேர்க்கவில்லை என்று அர்த்தம்; தொடக்கத்தில் லிஸ்ப் மட்டுமே சேர்ந்திருக்கும்.

உண்மையான கோளாறு ஒன்று உண்டு. ஈமாக்ஸோடு வந்த ஆர்க் ஒன்று, நீங்கள் தனியாக நிறுவிய புது ஆர்க் ஒன்று, இரண்டும் பாதிப் பாதியாக ஏறி நிற்பது. பதிப்புப் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையோடு எங்கோ தொடர்பில்லாத இடத்தில் பிழை வரும். தனியாக நிறுவியதை அழித்து, எந்த அமைப்பும் ஏற்றாமல் ஈமாக்ஸைத் திறந்து, ஆர்க் கோப்பு எதையும் தொடுவதற்கு முன் மறுபடி நிறுவுங்கள். எந்தக் கோளாறுக்கும் முதல் சோதனையும் இதுவே: கட்டளை வரியில் '-Q' (பெரிய எழுத்து க்யூ) போட்டுத் தொடங்கினால், உங்கள் அமைப்புகள் இருக்கும் இனிட் கோப்பை ஈமாக்ஸ் ஏற்றாது. அப்போது கோளாறு போய்விட்டால் குற்றவாளி பெரும்பாலும் உங்கள் இனிட் கோப்புதான். அதில் பாதியை அணைத்துப் பாருங்கள், பிறகு மீதியில் பாதி. ஆயிரம் வரி இருந்தாலும் பத்து முறையில் வரி சிக்கிவிடும்.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு மூன்று விஷயம். கணினியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் ஈமாக்ஸின் கட்டளைகள் வேலை செய்யாமல் போகலாம். ஈமாக்ஸுக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறை இருக்கிறது, கன்ட்ரோலோடு \ அழுத்தி மாற்றிக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பில் தமிழ் காணாமல் போனால் லேடெக் கம்பைலரை சீலேடெக் அல்லது லுவாலேடெக்குக்கு மாற்றி, ஒரு தமிழ் எழுத்துருவையும் குறிப்பிடுங்கள். அட்டவணையின் கோடுகள் கோணலாக நிற்பதற்கு ஆர்க்கைத் திட்டிப் பயனில்லை. எழுத்துகளுக்கு ஒரே அகலம் என்ற கணக்கில் கட்டிய வசதி அது. 'கௌ'வும் 'ர'வும் ஒரே அகலத்தில் நிற்க மாட்டா.

இவ்வளவு நஷ்டத்துக்கும் யாரிடம் நியாயம் கேட்பது? ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் கீழ் ஆர்க் வருகிறது. அதன் 15, 16-ஆம் பிரிவுகள், உத்தரவாதம் இல்லை, நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று தெளிவாகச் சொல்கின்றன. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் பணம் வாங்காமல் செய்யும் சேவை 'சேவை' என்ற வரையறைக்குள் வராது. காசு கொடுத்து ஒருவரிடம் நிறுவித் தரவும் பராமரிக்கவும் ஒப்பந்தம் போட்டிருந்தால் அது வேறு வழக்கு. கெடுநோக்கோடு கோப்பு அனுப்பியவர் மீதும் வழி இருக்கிறது: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் நஷ்டஈடு, 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். புகார் கொடுப்பதற்கு முன் அந்தக் கோப்பையும் வந்த மின்னஞ்சலையும் அழித்துவிடாதீர்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

உத்தரவாதத்துக்குப் பதிலாக உரிமம் தருவது வேறு. நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், யாரை வேண்டுமானாலும் வைத்துச் சரிசெய்யலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். கோப்பு வெறும் எழுத்து என்பதால் ஈமாக்ஸ் நாளைக்கே திறக்காமல் போனாலும் நோட்பேடில் படிக்கலாம், பேன்டாக் என்ற நிரலால் வேறு வடிவத்துக்கு மாற்றலாம். வேலையிடத்தில் எழுதிய குறிப்பேடு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். வேலையை விட்டுப் போகும்போது மொத்தக் கோப்புறையையும் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

கோளாறு ஆர்க்கினுடையதுதான் என்று உறுதியானால் 'ஆர்க்-சப்மிட்-பக்-ரிப்போர்ட்' கட்டளை கொடுங்கள். பதிப்பு எண்ணும் நீங்கள் மாற்றிய அமைப்புகளும் தாமாகவே கடிதத்தில் வந்து உட்காரும். அனுப்பிய கடிதம் எல்லோரும் படிக்கும்படி வெளியில் நிற்கும். அஜெண்டா கோப்புகளின் பட்டியலில் வாடிக்கையாளர் பெயரிலோ மருத்துவமனை பெயரிலோ கோப்பு எதுவும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த வரியை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.