கையெழுத்து மகளுடையது, பதில் நம்முடையது

போன மாதம் கல்லூரியிலிருந்து வந்த என் மகள் ஒரு சின்ன அட்டையைக் காட்டினாள். தான் இறந்தால் உறுப்புகளைத் தானம் செய்யச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது.

"கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை, என்னடி இது அபசகுனமா?"

என் மாமியார், "முழுசா வந்த உடம்பு முழுசாத்தான் போகணும். கண்ணை எடுத்தா அடுத்த பிறவியில குருடாப் பொறந்துருவ" என்றார்.

"அப்பத்தா, எரிச்சா எல்லாம் சாம்பல்தானே! எங்க வகுப்புல நிறையப் பேருக்கு ஆசைதான். வீட்டுக்குப் பயந்துக்கிட்டுப் போடல" என்றாள் அவள்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. விசாரித்துப் பார்த்தேன். சீனாவில்கூட, உடம்பு பெற்றோர் தந்தது, அதைப் பழுதாக்கக் கூடாது என்ற பழைய எண்ணம் கல்லூரிப் பிள்ளைகளைத் தயங்க வைக்கிறதாம். ஊருக்கு ஊர் அம்மாக்கள் ஒன்றுதான் போலும்!

2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதியின் மகன், 15 வயது ஹிதேந்திரன், சாலை விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சம்மதித்தார்கள். போலீசார் வழி ஒதுக்க, அவன் இதயம் சென்னை முகப்பேர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. 9 வயதுச் சிறுமி ஒருத்தி பிழைத்தாள். நான்குவழிச் சாலையோரம் கொட்டாம்பட்டியில் குடியிருக்கும் எனக்கு ஆம்புலன்ஸ் சத்தம் புதிதல்ல. அன்றிரவு அந்தத் தாயை நினைத்துத் தூக்கமே வரவில்லை.

சகோதரிகளே, சில விஷயங்களைத் தெரிந்துகொள்வோம். கோமாவில் இருப்பவர் மீளக்கூடும். மூளைச்சாவு அடைந்தவர் மீள மாட்டார். 4 டாக்டர்கள் கொண்ட குழு, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே அதை உறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம். உறுப்புகளை எடுத்தபின் உடலைத் தைத்து, பார்வைக்கு விகாரமில்லாமல் ஒப்படைப்பார்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் இருந்து, உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தும் முறையும் வந்திருக்கிறது.

வீட்டில் இறந்தவர்களும் கண் தானம் செய்யலாம். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் கண் வங்கி இருக்கிறது. டாக்டர் வரும்வரை கண் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் ஆனவர்கூடத் தரலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: அட்டை கையில் இருந்தாலும், அந்த நேரத்தில் டாக்டர்கள் கேட்பது குடும்பத்தாரைத்தான். நாம் "வேண்டாம்" என்றால் பிள்ளையின் ஆசை அதோடு போச்சு. அழுகைக்கு நடுவே யோசிக்க முடியாது. சாப்பாட்டு நேரத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

என் மாமியார் இன்னும் மனசு மாறவில்லை. நான் மகளிடம், "உன் அட்டையைப் பத்திரமா வை. எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா" என்று சொல்லியிருக்கிறேன்.