பெருமூளை வாதமுற்ற குழந்தையும் நமது கடமையும்

ஒன்பது மாதமாகியும் உட்காராத குழந்தையைக் கண்டு, “சில பிள்ளைகள் தாமதமாகத்தான் உட்காரும்” என்று நாம் ஆறுதல் கொள்வதுண்டு. இவ்வாறு காத்திருத்தல் தீங்காக முடியலாம்.

பெருமூளை வாதம் என்பது பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும்பொழுதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு நேரும் பாதிப்பின் விளைவாகும். இது தொற்றுநோயன்று, எவர் செய்த பாவத்தின் பலனுமன்று. மூளையின் பாதிப்பு மேலும் பெருகுவதில்லை. ஆயினும், பயிற்சியின்றி விட்டால் தசைகள் இறுகி மூட்டுகள் மடங்கிவிடும். ஆதலின் இளமையிலேயே பயிற்சி தொடங்குதல் வேண்டும்.

செலவுக்கு வழி யாது? அரசாங்க மருத்துவரின் சான்று பெற்று, சமூக நல இலாகாவில் குழந்தையை மாற்றுத் திறனாளியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கான அட்டை பெற்றால் அரசாங்க மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். சக்கர நாற்காலி போன்ற துணைக்கருவிகளுக்கும் இலாகாவிடம் விண்ணப்பிக்கலாம். பாரங்களை நிரப்பக் கிராணியாரின் உதவியை நாடலாம்.

எனினும், மருத்துவமனைக்குச் செல்லுந்தோறும் ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துச் செலவும் சேர்கிறது. ஆதலின் வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகளை மருத்துவமனையிலேயே கேட்டுக் கற்று வருவோம். 1984-இல் திரெங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டத்திற்கு இன்று நாடெங்கும் நிலையங்கள் உள்ளன. அருகிலுள்ளதை இலாகாவில் கேட்டறியலாம்.

தாய் பெரட்டுக்குச் சென்றபின், பாட்டியும் மூத்த பிள்ளைகளும் அப்பயிற்சியைச் செய்விக்கக் கற்றிருந்தால், குழந்தைக்கு ஒரு நாளும் வீணாகாது.