கடையில்லாக் கடைவீதி – 11: பெயரோடு பதிந்த எண்

பேஸ்புக் பக்கம் திறந்த மறுநாளே லைக் எண்ணத் தொடங்கும் அவசரத்தைப் பற்றிப் போன கிழமை எழுதினேன், வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்தக் கிழமை "விலை இன்பொக்ஸில்" என்று போடும் பழக்கத்தை எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் வேறொன்று அகப்பட்டுவிட்டது. மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுன்னாகம் பக்கம் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் செய்து விற்கும் அக்கா ஒருவர் தொலைபேசி எடுத்தார். "தம்பி, புதுத்தூள் இடிச்சனான் எண்டு வட்ஸ்அப்பில எல்லாருக்கும் ஒரேயடியா அனுப்பினன். பாதிப் பேருக்கும் போகேல்லை. போனில ஏதும் பிழையோ?"

போனில் பிழையில்லை. அவர் பயன்படுத்தியது வட்ஸ்அப்பின் புரோட்காஸ்ட் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். குழுவைப் போல ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. பதில் எழுதினால் அது அக்காவுக்கு மட்டும் வரும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அக்காவின் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். அக்கா அவர்களைப் பதிந்தால் போதாது, அவர்களும் அக்காவைப் பதிந்திருக்க வேண்டும்.

வேண்டாத செய்திகள் வந்து குவியாமல் தடுக்கிற விதி இது. எனக்கோ இதைவிட நேர்மையான வியாபாரக் கணக்கு இந்தக் காலத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு தடவை தூள் வாங்கி, சரை தீர்ந்ததும் மறந்தவர் எத்தனை பேர், "தூள் அக்கா" என்று பெயர் எழுதிப் பதிந்து வைத்தவர் எத்தனை பேர் என்பதை லைக் சொல்லாது. இந்தப் பட்டியல் சொல்லிவிடுகிறது.

எங்கள் ஆக்கள் இந்தக் கணக்கை முன்பே நன்றாக அறிந்தவர்கள். தெற்கிலே சிங்கள ஊர்ச் சந்திகளில் யாழ்ப்பாணத்தார் நடத்திய கடைகளை அந்த ஊர்ச் சனம் "சுருட்டுக் கடே" என்றே சொன்னது. புகையிலை இங்கே விளைந்தது, சுருட்டு இங்கே சுற்றப்பட்டது. 1905இல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ரயில் பாதை முழுதாக இணைந்த பிறகு சரக்கு அனுப்புவது இலகுவானது. கடையில் நிற்கப் போனவர்களில் பலர் முதலாளியின் ஊர்ப் பெடியள், அல்லது சொந்தக்காரப் பெடியள். அவர்கள் சிங்களம் பழகினார்கள். வாடிக்கைக்காரர் வீட்டு நல்லது கெட்டது அறிந்தார்கள். கொப்பியில் கடன் எழுதினார்கள். கடன் கொப்பியில் பெயர் ஏறுவதென்றால் கடைக்காரன் ஆளை அறிந்திருக்க வேண்டும். திரும்ப வந்து அடைப்பதென்றால் வாடிக்கைக்காரன் கடையை மதித்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பதிவு இருந்தது.

அந்தக் கடைகளைப் பற்றி வயதானவர்களிடம் கேட்டு எழுத ஒரு தொடரே வேண்டும். இங்கே இதோடு நிறுத்துகிறேன்.

யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் வரும் கேள்வி, "நீங்கள் எவடம்?" வட்ஸ்அப்பிலும் அக்காவிடம் வெளிநாட்டு ஆக்கள் அதைத்தான் கேட்கிறார்கள். விலை பிறகுதான் வருகிறது. "இணுவில் பக்கமோ, உரும்பிராய்ப் பக்கமோ?" என்று தொடங்கி, பள்ளிக்கூடம், கோயில் என்று கதை நீண்டு, கடைசியில் இரண்டு கிலோ தூள். நேரம் வீண் என்று நினைக்கும் இளம் வியாபாரிகளுக்குச் சொல்கிறேன்: எண் பதியப்படுவது அந்தக் கதையின் நடுவில்தான்.

பதிந்த எண்ணின் பெறுமதி, வலைத்தளங்கள் நின்ற நாட்களில் தெரிந்தது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒரு கிழமையளவு முடக்கியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் முடக்கியது. பேஸ்புக் பக்கத்தை மட்டும் நம்பியிருந்தவருக்கு அந்த நாட்களில் வாடிக்கையாளர் யாரென்றே தெரியாது. எண்ணைப் பதிந்து வைத்திருந்தவர்கள் சாதாரண அழைப்பில் கதைத்தார்கள்.

அக்காவிடம் ஒன்றுதான் சொன்னேன். செய்தி போய்ச் சேராதவர்களுக்கு விளம்பரம் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனியாக, போனமுறை வாங்கியதைப் பற்றி ஒரு வரி எழுதுங்கோ. அன்றிரவே ஸ்காபரோவில் இருக்கும் ஒருவருக்கு எழுதியிருக்கிறார்: "தங்கச்சி, போனமுறைத் தூள் பிள்ளையளுக்கு உறைப்புக் கூடிப்போச்சோ?"

பதில் குரல் பதிவாக வந்ததாம், நாலு நிமிடம். பிள்ளைகள் சாப்பிடுகிறார்களாம், மாமியாருக்குத்தான் உறைப்பாம். நல்லூர்த் திருவிழாவுக்குத் தமையன் வருகிறாராம். அவர் திரும்பும்போது பெட்டியில் வைத்துவிடக் காரம் குறைத்து ஒரு கிலோ தனியாக இடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அடுத்த நாள் அனுப்பிய பொதுச் செய்தி அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்பொக்ஸ் விலை அடுத்த கிழமை, கட்டாயம். அதற்குமுன், எண்ணையும் ஊரையும் வாங்கியதையும் கொப்பியில் எழுதி வைக்கும் முறையை அக்கா கேட்டிருக்கிறார். அதிலிருந்து தொடங்குவோம்.