பிள்ளையை இழந்த வீட்டில் வயதான பெற்றோரும் இருந்தால்



நம் ஊரில் ஒரு பிள்ளை மவுத்தாகிவிட்டால் முதல் மூன்று நாட்கள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கபர் வெட்ட ஆள் போய்விடும். கஃபன் துணி வந்து சேரும். பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வரும். சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர்ச் சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். நான்காம் நாள் காலையில் பந்தலைப் பிரித்து, நாற்காலிகளை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அன்றைக்கும் அந்தத் தாய் மாமிக்குச் சர்க்கரை ஊசி போட வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த நான்காம் நாளைப் பற்றியது. கல்வி உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் நம் டிரஸ்டில் படிவம் இருக்கிறது. இதற்குப் படிவம் இல்லை, யாரும் கேட்டு வருவதும் இல்லை.

முதலில் கண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். தஃஸியத்துக்குப் போகிறவர்கள் பலர், அழும் தாயிடம் “சபுர் செய்யும்மா, அழக்கூடாது” என்கிறார்கள். சபுர் என்பது அழாமல் இருப்பது அல்ல. நபி (ஸல்) அவர்களின் ஏழு மக்களில் ஆறு பேர் அவர்கள் வாழ்நாளிலேயே வஃபாத்தானார்கள். எஞ்சியவர் ஃபாத்திமா (ரலி) மட்டுமே. கடைசியாகப் போன இப்றாஹீம் பால்குடி மாறாத குழந்தை. அந்தக் குழந்தையின் உயிர் பிரியும் நேரத்தில் நபியவர்கள் அழுதார்கள். கண்ணீர் இரக்கத்தின் அடையாளம் என்றும் சொன்னார்கள். மார்க்கம் தடுத்தது ஒப்பாரி வைத்துக் கன்னத்தில் அறைந்துகொள்வதையும், சட்டையைக் கிழித்துக்கொள்வதையும்தான். மூன்று நாள் கணக்கும் அலங்காரத்தைத் தவிர்த்துத் துக்கம் காப்பதற்குரியது. நெஞ்சில் இருக்கும் துக்கத்துக்கு ஷரீஅத் கெடு வைக்கவில்லை.

இப்றாஹீம் மறைந்த அன்றே சூரிய கிரகணம் பிடித்தது. அது 632 ஜனவரி 27 என்று வானியல் கணக்குப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குழந்தைக்காகத்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்த அன்றைக்கே நபியவர்கள் கிரகணத் தொழுகையை நடத்தி, எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். அழுகையும் கடமையும் ஒரே நாளில் ஒரே மனிதரிடம் இருந்தன. நம் வீடுகளில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டே பிள்ளைக்காக அழுகிறவர்களும் இப்படித்தான் இருக்கிறார்கள். “புள்ள போன மறுவாரமே வேலையப் பாக்க ஆரம்பிச்சுட்டாளே” என்று அவர்களைப் பேசுவது பெரும் அநியாயம்.

அந்த வீட்டில் இன்னொரு துக்கமும் இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. பெத்தாப்பாவும் கண்ணும்மாவும் பேரனை இழந்திருக்கிறார்கள், அதோடு தங்கள் மகன் உடைந்து போவதையும் கண்ணால் பார்க்கிறார்கள். “என்னை எடுத்துக்கிட்டு அவனை விட்டிருக்கக் கூடாதா” என்ற பேச்சை இப்படிப்பட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். யூசுஃபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அழுது அழுது கண் பார்வை மங்கிப்போனதைச் சூரா யூசுஃப் சொல்கிறது. இப்படி நினைத்து நினைத்தே அழிந்துபோவீர்கள் என்று பிள்ளைகள் சலித்துக்கொண்டதையும் அதே இடத்தில் சொல்கிறது. தன் துக்கத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுவதாக அவர் பதில் சொன்னார். பெரியவர் பேரனின் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பிடுங்கி உள்ளே வைக்காதீர்கள்.

மறதி நோய் உள்ள பெரியவர் இருக்கும் வீட்டில் பாடு இன்னும் அதிகம். “எங்கேம்மா பேரன்? இன்னும் பள்ளிக்கொடம் விடலியா?” என்று காலையில் கேட்பார், மதியம் கேட்பார், மஃரிபுக்குப் பிறகும் கேட்பார். ஒவ்வொரு முறையும் “மவுத்தாயிட்டான்” என்று பெற்ற தாய் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவருக்கோ ஒவ்வொரு முறையும் அது புதுச் செய்தி. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அழுவார். மறதி நோயாளிகளைப் பராமரிப்பதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்வது இதுதான்: செய்தியை ஆரம்பத்தில் ஒருமுறை உண்மையாக, மெதுவாகச் சொல்லுங்கள். அது அவர் நினைவில் தங்கவில்லை என்று தெரிந்த பிறகு தினமும் திரும்பச் சொல்லி அவரைப் புண்படுத்தாதீர்கள். கேள்விக்குப் பின்னால் இருக்கும் தேட்டத்துக்குப் பதில் சொல்லுங்கள். “பேரனைத் தேடுதா மாமி? அவனுக்கு என்ன பிடிக்கும், சொல்லுங்க” என்று கேட்டால் அவர் சொல்லத் தொடங்குவார்.

அப்படியானால் பொய் சொல்வதாகாதா என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். பொய்க்கே அவசியமில்லை. சிறு வயதில் இறந்த குழந்தைகள் சொர்க்கத் தோட்டத்தில் இப்றாஹீம் நபி (அலை) அவர்களைச் சூழ இருப்பதை நபி (ஸல்) அவர்கள் கனவில் கண்டதாக புகாரியில் வருகிறது. “இப்றாஹீம் நபியோட தோட்டத்துல இருக்கான் மாமி” என்று சொல்லுங்கள். சொல்கிற தாய்க்கும் அது வேண்டியிருக்கிறது.

இனி, வெளியே சொல்லக் கூசும் ஒன்று. இரவு மூன்று முறை எழுந்து துணி மாற்றிய பிறகு, “வாழ வேண்டியவன் போயிட்டான், இவங்க இருக்காங்களே” என்று மனதில் ஒரு நினைப்பு வந்து போகும். வந்த உடனே, நான் எவ்வளவு பெரிய பாவி என்ற நடுக்கமும் வரும். வாயால் சொல்லாத வரை, செயலில் காட்டாத வரை, மனதில் ஓடும் எண்ணங்களுக்கு அல்லாஹ் பிடிப்பதில்லை என்பது ஆதாரப்பூர்வமான ஹதீஸ். பெற்றோரைப் பார்த்து ‘சீ’ என்றுகூடச் சொல்லாதே என்ற குர்ஆன் வசனம் (17:23) நமக்கெல்லாம் தெரியும். இரண்டு வசனம் தள்ளி, உங்கள் உள்ளத்தில் இருப்பதை உங்கள் இறைவன் நன்கறிவான், நல்லவர்களாக இருந்து அவன் பக்கம் திரும்புகிறவர்களை மன்னிப்பான் என்ற கருத்தும் வருகிறது. பயான்களில் முதல் வசனத்தோடு நின்றுவிடுகிறோம்.

பிள்ளையின் வாப்பா சவுதியிலோ துபாயிலோ இருந்தால் பெரும்பாலும் ஜனாஸாவை செல்போனில்தான் பார்ப்பார். விடுப்பு கிடைத்து வந்தாலும் சில வாரங்களில் திரும்ப வேண்டும். ஊரில் தறிக்கோ கடைக்கோ போகிறவரும் சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிடுகிறார். அவர் அழாமல் இருப்பதை வைத்து அவருக்குக் கவலை இல்லை என்று எடைபோட வேண்டாம்.

மருந்து விஷயம். கூட்டம் நிறைந்த அந்த மூன்று நாட்களில்தான் பெரியவர்களின் மாத்திரை தவறுகிறது. யாராவது ஒருவர் அதை மட்டும் பொறுப்பெடுத்து, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். சர்க்கரை ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கிறதா என்று பாருங்கள். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். படுக்கை நோயாளிகளுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. பதியாத வீடுகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். மரணப் பதிவை 21 நாட்களுக்குள் செய்ய வேண்டும். அந்த அலைச்சலைச் சொந்தத்தில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். தூக்கமே இல்லை, சாப்பிட முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அதை ஈமான் குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முஃதா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அந்தக் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபியவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். ஏழாம் நாள், நாற்பதாம் நாள் பற்றி ஜமாஅத்துக்கு ஜமாஅத் கருத்து வேறுபடலாம். அந்த வாதத்துக்குள் நாம் போகவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் கடன் வாங்கி ஊருக்கு பிரியாணி ஆக்கிப்போடும் நிலை எந்தக் கருத்தின்படியும் நல்லதல்ல. துக்க வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்ற வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள். அது மனதுக்கு ஆறுதல் என்று நபியவர்கள் கூறியதாகவும் அறிவித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு என்பதைக் கவனியுங்கள். ரமலான் முழுக்க நோன்புக் கஞ்சி காய்ச்சும் நம் ஊருக்கு, பத்தாம் நாளும் இருபதாம் நாளும் ஒரு தூக்குவாளிக் கஞ்சி கொண்டுபோவது பெரிய காரியமில்லை.

ஆனால் கஞ்சியைவிட அதிகம் தேவைப்படுவது ஆள். மலை தாண்டினால் கேரளம். அங்கே கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்புப் பணி, பிறகு மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களின் கைக்கு வந்தது. ஆசிரியர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், இல்லத்தரசி என்று பல தரப்பினரும் சில நாள் பயிற்சி எடுத்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கி, படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய் வருகிறார்கள். மத வித்தியாசம் பார்ப்பதில்லை. இதில் பெரும் பணம் படைத்தவர் யாரும் தேவைப்படவில்லை.

நாமும் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் கேட்கிறோம். பிள்ளையை இழந்து, வயதானவர்களையும் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்ப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அந்த நேரத்தில் தாய் தூங்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு அழலாம், அல்லது சும்மா இருக்கலாம். போகிறவர் ஆறுதல் வார்த்தை தேட வேண்டாம். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்கவும் வேண்டாம். நாலு மாதம் கழித்து அந்தப் பெயரை யாருமே சொல்வதில்லை என்பதுதான் பெற்றவர்களின் வருத்தம்.

பெண்கள் லுஹருக்கு முன்பும் ஆண்கள் அஸருக்குப் பின்பும் போகலாம். முதல் சுற்றுக்கு எட்டுப் பேர் போதும். ஆண்கள் ஜும்ஆ முடிந்து டிரஸ்ட் அலுவலகத்திலும், பெண்கள் மதரஸா உஸ்தாதாவிடமும் பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், படுக்கையில் இருப்பவரைத் திருப்பவும் தூக்கவும் சுகாதார நிலையச் செவிலியரிடம் கேட்டு ஒரு நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறோம். உதவி தேவைப்படும் வீட்டார் எழுதிக் கொடுக்க வேண்டாம், வாயால் சொன்னால் போதும்; அல்லது பக்கத்து வீட்டார் சொன்னாலும் போதும்.